காராமணிக்கு ஏது நீலக் குழாய்?

“காராமணின்னு சொல்லித்தானே என்னைச் செதுக்க வச்சே?”

“செதுக்கறப்போ காராமணிதாண்ணே. பெயின்ட் அடிச்ச பிறகுதான்…”

“பக்கத்து ஊர் நுங்குவாவுல ஒரு பயறுக்காரி செத்துட்டான்னு சொன்னே!”

“இத்தனை பெரிய ஊர்ல எவளாவது ஒருத்தி…”

“குடும்பமே வந்து அழுதுட்டுப் போச்சுன்னு சொன்னே! மூத்த மருமகளுக்கு அழுது அழுது மூக்கு ஒழுகிச்சுன்னு வேற சொன்னே!”

“அது கொஞ்சம் அதிகமாப் போயிடுச்சு. ஒத்துக்கறேன்.”

சோச்சோ தூரிகையைத் தின்னர் டப்பாவுக்குள் விட்டு ஆட்டிக்கொண்டே இதைச் சொன்னாள். முகத்தில் வருத்தம் மாதிரி ஏதோ ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. எதிரே நின்ற அண்ணன் அஷிட்டே, மரம் வாங்க உள்நாட்டுப் பக்கம் போய்விட்டு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். தோளில் தொங்கிய பையைக்கூடக் கீழே வைக்காமல் மாடிக்கு ஏறி வந்திருந்தான்.

“இப்ப நீ சொல்லு. காராமணிக்கு ஏது நீலக் குழாய்?”

“அது ரத்தம் வெளியே போற குழாய். பக்கத்துல சிவப்பு இருக்கே, அது உள்ளே வர்றது. கீழே மஞ்சளா தொங்கறது…”

“போதும், போதும்!”

கடற்கரை ஊரான டெஷியில் அஷிட்டேயின் பட்டறையைத் தெரியாதவர்கள் கிடையாது. வலை போட்டவனுக்கு மீன், லாரி ஓட்டியவனுக்கு லாரி, வெங்காயம் விற்றவளுக்கு வெங்காயம் என்று, யார் எதில் வாழ்ந்தார்களோ அதிலேயே படுத்துப் போகும்படி சவப்பெட்டி செய்து கொடுப்பவன். மரவேலை அவனுடையது. வண்ணம் தங்கையுடையது. மீன் பெட்டிக்கு அவள் கண் வைத்துவிட்டால், பார்க்கிறவர்கள் பூனையைப் பிடித்துக் கட்டுவார்கள் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அப்படிப்பட்ட கை இந்த முறை, அண்ணன் வாவா மரத்தில் அழகாகச் செதுக்கி உப்புத்தாள் போட்டு வைத்திருந்த ஆளுயரக் காராமணியை, ஆட்டு ஈரலின் நிறத்தில் பளபளவென்று ஒரு சிறுநீரகமாக மாற்றியிருந்தது. காராமணிக்குக் கறுப்புக் கண் இருக்கவேண்டிய பள்ளத்திலிருந்துதான் குழாய்கள் மூன்றும் புறப்பட்டன. மாடியில், சாலையைப் பார்த்த காட்சி இடத்தில், வேன்களில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அது சாய்ந்து நின்றது. பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில், ‘யாராவது ஒன்று கொடுத்தால் இந்தப் பெட்டி வேண்டியதில்லை’ என்று எழுதியிருந்தாள்.

“இறக்கு இதை” என்றான் அஷிட்டே.

“நான் தனியா எப்படி இறக்கறது? நீ ஒரு பக்கம் பிடி.”

“நான் அதைத் தொடமாட்டேன்.”

“அப்ப இருக்கட்டும்.”

சவப்பெட்டிக்காரன் தொடமாட்டேன் என்கிறானே என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். செத்தவர்களோடு தினமும் புழங்குகிற அஷிட்டேக்கு உயிரோடு இருப்பவர்களின் ரத்தம்தான் ஆகாது. சோச்சோவின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று நாள் அவள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்துக்கிடந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டியிருந்தது. முதல் நாள் துணைக்கு வந்த அண்ணன், குழாயில் சிவப்பாக ஏதோ ஓடுவதைக் கதவருகிலிருந்து ஒரே ஒரு பார்வை பார்த்தான். பட்ட மரம் மாதிரி விழுந்தான். நர்ஸுகள் அவளை விட்டுவிட்டு அவனுக்குக் காற்று வீசினார்கள். அதன்பிறகு அவளுக்கு வண்டி பிடித்துக் கொடுப்பான், கதவைச் சாத்துவான், கையசைப்பான். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி என்ற பேச்சு எழுந்தாலே அவனுக்கு எங்கேயாவது ஆணி தேடவேண்டியிருக்கும்.

இயந்திரம் நாளைத் தள்ளிப்போடும், உடம்பைத் திருப்பித் தராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாராவது ஒரு சிறுநீரகம் கொடுக்கவேண்டும். கூடப் பிறந்தவர்களுடையது பொருந்த வாய்ப்பு அதிகம். கூடப் பிறந்தவர்களில் மிச்சம் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஹாம்பர்கில் இருந்தாள். காசு கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஊரிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டாள். இன்னொருவன் இதோ, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

கேட்டுவிடலாம்தான். ஆனால் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: “யாரையும் நெருக்கக் கூடாது, தங்கச்சி. குடுக்க வர்றவங்களை டாக்டர் தனியா உக்கார வச்சு விசாரிப்பார். யாராவது பிடிச்சுத் தள்ளி வந்ததாத் தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவார். ஆனா விஷயத்தை ஜனங்களுக்குத் தெரியப்படுத்தலாம். தெரியாததாலதான் பாதிப் பேர் பயப்படறாங்க.”

எவ்வளவு பெரிதாகத் தெரியப்படுத்தலாம் என்று நர்ஸ் அளவு சொல்லவில்லை. சோச்சோ ஆளுயரத்துக்குத் தெரியப்படுத்தினாள்.

காலமும் அவளுக்குத் தோதாக இருந்தது. திருவிழாவுக்கு முந்திய தடை மாதம் அது. ஊரில் மேளம் கூடாது, கூச்சல் கூடாது, சாவுச் சடங்கும் கிடையாது. பெட்டி கேட்டு யாரும் வரமாட்டார்கள். காட்சி இடம் காலியாகக் கிடந்தது.

“ஜனங்க கேட்டா நான் என்னன்னு சொல்றது?” என்று அஷிட்டே தொடங்கினான். அதற்குள் கீழே தெருவில் ஒரு குரல் கிளம்பியது.

“யாருடா அது? எவன்டா எனக்குப் பெட்டி சொன்னவன்?”

கார்லே ஆன்ட்டி வந்துகொண்டிருந்தாள். சாலை முக்கில் காராமணியும், மரவள்ளிக் கிழங்கு ரவையான காரியும் விற்பவள். பனை எண்ணெய் மிதக்கும் அவள் சட்டிக்கு முன்னால் வக்கீலும் வேன் நடத்துனரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். கையில் கரண்டி, கரண்டி நுனியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே வந்தது. அஷிட்டே காராமணி செதுக்குகிறான் என்று மரம் இறக்குகிறவன் போய்ச் சொல்லியிருக்கிறான். டெஷியில் காராமணியில் படுத்துப் போகிற தகுதி யாருக்கு இருக்கிறது? அவள் ஒருத்திக்குத்தான். அதுவரை அவள் போட்ட கணக்கில் தப்பே இல்லை.

“ஆன்ட்டி, மெதுவா. தடை மாசம்” என்றாள் சோச்சோ மாடியிலிருந்து.

“தடை மேளத்துக்கு. என் வாய்க்கு இல்ல! சொல்லு, என் மூத்த மருமகன்தானே? வீட்டு மேல மாடி எடுக்கணும், மாடி எடுக்கணும்னு குதிச்சுட்டே இருக்கான். முதல்ல என்னைப் பெட்டிக்குள்ள அடைச்சிட்டுத்தான் மாடியா?”

மூச்சிரைக்க ஏறி வந்தவள் பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். ஒரு பக்கம் பார்த்தாள். சுற்றிப் போய் இன்னொரு பக்கம் பார்த்தாள். கோபம் இப்போது வேறு திசையில் திரும்பியது.

“ஏண்டி, இது என்ன நிறம்? இவ்வளவு தீயற வரைக்கும் நான் எதையாவது அடுப்புல விட்டிருக்கேனா? செத்த பிறகும் என் கைப்பக்குவத்தைக் கெடுக்கணும்னு எத்தனை நாளா காத்துட்டிருந்தே?”

“ஆன்ட்டி, இது உங்களுது இல்ல.”

“காராமணி. டெஷி. என்னுது இல்லைன்னா யாருது?”

சொல்லிக்கொண்டே தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். அதைத் தன் இடுப்புக்குக் குறுக்கே பிடித்து அளவு எடுத்தாள். அந்த அளவைப் பெட்டியின் அகலத்தோடு வைத்துப் பார்த்தாள். துணி மிச்சம் நின்றது. நிறையவே மிச்சம் நின்றது.

“என் இடுப்பு இதுல போகவே போகாதே” என்றாள். நிம்மதியா, அவமானமா என்று அவளுக்கே தெரியாத ஒரு குரலில்.

“அதான் சொன்னேனே, உங்களுது இல்லைன்னு.”

“அப்ப யார் அளவு இது?”

அஷிட்டே வாயைத் திறந்தான். நுங்குவா என்று சொல்ல வந்தவன், நுங்குவாவில் யாரும் சாகவில்லை என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான். அளவைத் துண்டுச் சணலில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தது தங்கை. பயறுக்காரிக்கு இவ்வளவு ஒடிசலான உடம்பா என்று அவனுக்கு அப்போதே தோன்றியிருந்தது. இப்போது பெட்டியைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற தங்கையைப் பார்த்தான். அவள் உயரத்துக்கும் தோள் அகலத்துக்கும் அது அளவெடுத்த மாதிரி இருந்தது.

“என் அளவுதான், ஆன்ட்டி” என்றாள் சோச்சோ.

கார்லே துணியைத் தலையில் திரும்பக் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை. “உனக்கெதுக்கு? நீ காராமணி விக்கலையே” என்றாள் மெதுவாக.

“காராமணி இல்ல, ஆன்ட்டி. கிட்னி. என்னுது ரெண்டும் போயிடுச்சு. யாராவது ஒண்ணு குடுத்தா பிழைச்சுக்குவேன். இல்லைன்னா இது ரெடியா இருக்கு.”

“கிட்னின்னா… அது எங்கே இருக்கு?”

சோச்சோ ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தான். அவள் வேண்டுமென்றே தொப்புளைத் தொட்டுக் காட்டினாள். “இங்கே, ஆன்ட்டி. சோத்துக்குப் பக்கத்துல.”

“அங்கே இல்ல” என்றது சுவர்.

“இங்கேதானே?” என்று நெஞ்சைத் தொட்டாள்.

அஷிட்டேயால் பொறுக்க முடியவில்லை. தப்பாகச் செதுக்கினால்கூட ஒரு நாள் விட்டுவிடுவான், தப்பாகக் காட்டினால் விடமாட்டான். “பின்னால! முதுகுப் பக்கம், விலா முடியற இடத்துல, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஆட்டை உரிச்சுப் பார்த்ததில்லையா நீங்க ரெண்டு பேரும்?” என்று பெட்டியை நோக்கித் திரும்பியவன், தொடமாட்டேன் என்று சொன்னதை மறந்து அந்தப் பள்ளத்தில் கையை வைத்தான். “ரத்தம் இதுல வருது. சுத்தமாகி இதுல போகுது. அழுக்கெல்லாம் மூத்திரமா இதுல இறங்குது. ஒண்ணே போதும். ரெண்டு குடுத்திருக்கார் கடவுள், அவருக்குத் தாராளம்.”

கீழே வேனுக்காகக் காத்து நின்றவர்கள் நாலைந்து பேர் தலையை அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். “அண்ணே, கொஞ்சம் சத்தமா!” என்று ஒருவன் கத்தினான்.

“தடை மாசம்!” என்று திருப்பிக் கத்தினான் அஷிட்டே.

அன்று தொடங்கியதுதான். பெட்டியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர், கார்லே எப்போது செத்தாள் என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். சோச்சோவுக்கு இயந்திர நாள் போக மற்ற நாள்களில் சோர்வாக இருக்கும். பட்டறைக்குள்ளே பாய் விரித்துப் படுத்துக்கொள்வாள். வாசலில் அண்ணன் பேசுவது எல்லாம் காதில் விழும். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

“மாஸ்டர், செத்த பிறகு ஒண்ணு குறைஞ்சு போய் நின்னா முன்னோருங்க உள்ளே விடுவாங்களா?” என்று ஒரு மீனவர் கேட்டார்.

“எங்கப்பா ரம்பத்துக்கு ரெண்டு விரலைக் குடுத்துட்டுத்தான் போனார். கதவுக்கு வெளியேயா நிக்கறார்? கனவுல வந்து நான் ஆணி அடிக்கற லட்சணத்தை இன்னும் திட்டறார். உள்ளே உக்காந்து நல்லா சாப்பிடறதாலதானே அவ்வளவு தெம்பு?”

“இது ஆளைப் பிடிச்சு உறுப்பெடுத்துப் பணம் பண்ற மந்திரவாதிங்க வேலை மாதிரி இல்லே இருக்கு?”

“காசுன்னு எவனாவது வாயைத் திறந்தா என் உளி அவனோட பேசும். மனசார குடுக்கணும். டாக்டர் தனியா உக்கார வச்சுக் கேப்பார், ‘உன்னை யாராவது தள்ளிவிட்டாங்களா?’ன்னு. மந்திரவாதி அப்படிக் கேப்பானா?”

டாக்டர் சமாசாரம் இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று சோச்சோ பாயில் எழுந்து உட்கார்ந்தாள். அவள் சொல்லவில்லை. யாரிடமோ போய்க் கேட்டிருக்கிறான்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் உள்ளே வருவான். அவளைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்பான்.

“குடுத்தவன் மறுபடி கடலுக்குப் போகலாமான்னு அந்த மீனவர் கேக்கறார்.”

“ஆறினதும் போகலாம்ணே.”

“பாரம் தூக்கலாமா?”

“டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் கூடாது.”

“உளி பிடிக்கலாமா?”

சோச்சோ நிமிர்ந்து பார்த்தாள். “மீனவருக்கு எதுக்குண்ணே உளி?”

“அவருக்கு ஒரு தம்பி இருக்கான்” என்றான் அஷிட்டே. “தச்சன்.” வேகமாக வெளியே போய்விட்டான். அந்த மீனவர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

அவன் எதற்குக் கேட்டான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கேட்டால் உடைந்துவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அந்தச் சமயம் பார்த்துக் கார்லே வந்து எல்லாவற்றையும் போட்டுடைத்தாள்.

அவள் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. வந்தவள் வாசலில் கிடந்த பலகையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“ரத்தக் கொதிப்பாம்” என்றாள். “வயசும் அதிகமாம். எடுத்துக்கமாட்டாங்களாம். அடுப்பு முன்னாடி நாள் பூரா நிக்கறவ ரத்தம் கொதிக்காம குளிருமா? அந்தச் சின்ன டாக்டருக்கு அதுகூடத் தெரியல.”

சோச்சோ பாயை விட்டு எழுந்து வந்தாள். “ஆன்ட்டி, நான் உங்ககிட்ட கேக்கவே இல்லையே.”

“கேட்டிருந்தா கரண்டியாலேயே போட்டிருப்பேன். ஊரே அந்தப் பெட்டி என்னுதுன்னு பேசுது. துக்கம் விசாரிக்க வந்தவன் ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டுப் போறான். சரி, என்னுதுல ஒண்ணை உனக்குள்ள வச்சுட்டா ஒரேயடியா முடிஞ்சுடும், அப்புறம் எவன் பேசறான் பார்ப்போம்னு போனேன்.” கார்லே மூக்கை உறிஞ்சினாள். பிறகு அஷிட்டே பக்கம் திரும்பினாள். “நீ எப்ப போனே?”

அஷிட்டே ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே இழைத்த பலகை அது.

“வேலை இருக்கு” என்றான்.

“தடை மாசத்துல என்ன வேலை?”

இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒண்ணும் தப்பா கேட்டுடலையே?” என்றாள் கார்லே.

சோச்சோவுக்குச் சிரிப்பெல்லாம் வற்றிப்போயிற்று. நெருக்கக் கூடாது என்று சொன்னார்கள். நான் வாயால் நெருக்கவில்லை, சரி. ஆனால் ஊரையே கூட்டிவந்து அவன் வாசலில் நிறுத்தினது வேறு என்ன? இனி அவன் போனாலும் டாக்டர் கண்ணைப் பார்த்துக் கேட்கும்போது என்ன சொல்வான்? ‘முக்கில் பயறு விற்கிறவள்கூடப் போய்வந்துவிட்டாள், அதனால் வந்தேன்’ என்றா? போகாவிட்டாலோ, இனி இந்தத் தெருவில் எப்படி நிமிர்ந்து நடப்பான்? விளையாட்டு எந்த இடத்தில் விளையாட்டாக இல்லாமல் போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெயில் தாழ்ந்ததும் மாடிக்கு ஏறினாள். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள். மேலே அஷிட்டே அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான், பெட்டிக்குப் பக்கத்தில், அதில் சாய்ந்துகொண்டு.

“இறக்கிடலாம்ணே. நீ ஒரு பக்கம் பிடி.”

“இருக்கட்டும்.”

“வேண்டாம்ணே. என் தப்புதான்.”

“உன் தப்பு எதுன்னு உனக்குத் தெரியுமா?” அவன் அவள் பக்கம் திரும்பினான். “என்கிட்ட பொய் சொல்லிப் பெட்டி செய்ய வைக்கத் தெரிஞ்சுது. நுங்குவாவுல இல்லாத பொம்பளையைச் சாகடிக்கத் தெரிஞ்சுது. தொப்புளைத் தொட்டுக் காட்டி என்னைப் பேச வைக்கத் தெரிஞ்சுது. ஆமா, எனக்குத் தெரியும், நீ வேணும்னுதான் காட்டினே. இவ்வளவு தெரிஞ்சவளுக்கு, அண்ணே, ஒண்ணு குடுன்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையா?”

“நர்ஸ்தான் கேக்கக் கூடாதுன்னு…”

“நர்ஸை விடு.”

கீழே ஒரு வேன் நின்றது. யாரோ இறங்கினார்கள். வேன் போனது. சோச்சோ பெட்டியின் இன்னொரு பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“கேட்டு, நீ மாட்டேன்னு சொல்லிட்டா?” என்றாள். “கேக்காத வரைக்கும் நீ மாட்டேன்னு சொல்லலை. அதைப் பிடிச்சுட்டுத்தான் இத்தனை நாள் இருக்கேன். அதையும் விட்டுட்டா எனக்கு வேற என்ன இருக்கு?”

அவன் கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டான்.

“போன மாசம் கேட்டிருந்தா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்” என்றான் பிறகு. “பொய் சொல்லமாட்டேன். கடற்கரைப் பக்கம் ஓடியிருப்பேன்.”

“இன்னிக்கும் ஓடினே.”

“இன்னிக்கு ஓடலை. நடந்துதான் போனேன். பயம் போகலை, சோச்சோ. குழாய் எல்லாம் மரத்துல இருக்கற வரைக்கும் பயமில்லை. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாலே கால் ரெண்டும் துணி மாதிரி ஆயிடுது. ரெண்டு தடவை போய் வாசலோட திரும்பி வந்தேன். மூணாவது தடவை உள்ளே போய் உக்காந்து அந்த நர்ஸ்கிட்டே எல்லாம் கேட்டேன். தரையைப் பார்த்துக்கிட்டேதான் கேட்டேன்.”

சோச்சோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கையை உயர்த்தித் தடுத்தான்.

“இப்ப கேக்காதே! கேட்டுத் தொலைச்சுடாதே. அந்த டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, உன்னை யாராவது கேட்டாங்களான்னு கேப்பார். யாரும் கேக்கலை, நானா வந்தேன்னு நான் சத்தியம் பண்ணணும். அதுக்காகவாவது வாயை மூடிட்டு இரு.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் ரத்தம் பொருந்துமோ என்னவோ. ஊசியைப் பார்த்ததும் விழுவான், அது நிச்சயம். இந்த முறை காற்று வீச நர்ஸுகள் போதாவிட்டால் கரண்டியோடு கார்லேயையும் கூட்டிப்போக வேண்டும். இதையெல்லாம் நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. அதை அவனுக்குக் காட்டாமல் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெட்டியின் மறுபக்கத்திலிருந்து மரத்தை விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது.

“நர்ஸ்கிட்டே ஒண்ணு மட்டும் கேக்க வெக்கமாப் போச்சு, நீயாவது சொல்லு, சிரிக்காதே. எந்தப் பக்கத்தை எடுப்பாங்க? எனக்கு இடது பக்கம் திரும்பிப் படுத்தாத்தான் தூக்கம் வரும்.”